ஸோம்பி கடிக்குமா, வேலை செய்யுமா? பிள்ளைங்க நாடகத்துக்காக ஒரு கேள்வி

கூத்து டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துல தமிழும் நாடகமும் படிச்சுக் குடுக்குறேன். இந்தத் தடவை ஸோம்பி நாடகம்தான் போடணும்னு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க ஒத்தக்கால்ல நிக்குறாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் போன்ல பார்த்த படங்கள். ஒத்திகையில ஒருத்தரை ஒருத்தர் கடிக்கிறதும், கத்திக்கிட்டு ஓடுறதும், வாயில சிவப்புச் சாயம் ஊத்திக்கிறதும்தான் நடக்குது.

போன செவ்வாய்க்கிழமை அந்திக் கொழுந்து நிறுவை முடிஞ்சு ஒரு அம்மா மகளைக் கூட்டிட்டுப் போக வந்தாங்க. இடுப்புல கட்டின படங்குச் சாக்கு, நெத்திக்கு மேல கூடைக்கயிறு பதிஞ்ச தடம். அந்த நேரம் பத்துப் பிள்ளைங்க கையைத் தொங்கப்போட்டு, காலை இழுத்து இழுத்து, வெறிச்ச கண்ணோட மேடையைக் கடந்து போனாங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டு அந்த அம்மா கேட்டாங்க: "என்னா டீச்சர், எங்களையா நடிச்சுக் காட்டுறாங்க?"

கோபமா கேக்கல. நெசமாவே அப்படித்தான் நெனச்சுட்டாங்க. பிள்ளைங்க சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பு வரல. அன்னைக்கு ராத்திரி பூரா அந்தக் கேள்விதான் மனசுல ஓடிச்சு.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஸோம்பியைப் பத்தி முதல்ல கதை சொன்னவங்க யாரு? அவங்க கதையில அது எப்படி நடந்துக்கும்? நம்ம கதைகள்ல எந்திரிச்சு நடக்குற பிணம் இருக்கா? தெரிஞ்சவங்க விரிவா எழுதுங்க. பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லிக் குடுக்க எனக்கு மனசில்ல.

பொகவந்தலாவை மழை

டீச்சர், படத்து ஸோம்பின்னா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். செத்தவன் எந்திரிப்பான். பேச்சு, ஞாபகம், வலி ஒண்ணும் இருக்காது. உயிரோட இருக்குறவங்க சதையைத் தேடுவான். கடிபட்டவனும் அப்படியே ஆயிடுவான். மூளையை அடிச்சாத்தான் விழுவான். இந்தச் சட்டமெல்லாம் 1968ல வந்த ஒரு அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படத்துல இருந்து ஆரம்பிச்சது. அந்தப் படத்துல யாரும் ஸோம்பிங்கிற வார்த்தையைச் சொல்றதே இல்ல. பிணந்தின்னின்னுதான் சொல்லுவாங்க. ஓடுற ஸோம்பி ரொம்பப் பின்னாடி, இந்த நூற்றாண்டுலதான் பெருசா வந்துச்சு. அதுல பாதிப்பேர் செத்தவங்ககூட இல்ல, நோய் புடிச்சவங்க.

தமிழ்ல 2016ல மிருதன் வந்துச்சு. அதுல கதை நடக்குறது ஊட்டியில. குளிர், பனி, தேயிலை மலைன்னு பார்த்தப்ப நம்ம ஊர் மாதிரியே இருந்துச்சு எனக்கு.

இன்னொண்ணு, எறும்பு ஸோம்பியும் இருக்கு. ஒரு காளான் எறும்போட உடம்புக்குள்ள போய், அதைச் செடியில ஏற வச்சு, இலையைக் கவ்வ வச்சுச் சாகடிக்கும். அப்புறம் தலையைப் பொளந்துக்கிட்டு காளான் முளைக்கும். இது கதை இல்ல, விஞ்ஞானம்.

பழைய கணக்கு

டீச்சர், உங்க முதல் கேள்விக்கு வர்றேன். கடிக்கிற ஸோம்பிக்கு இன்னும் அறுபது வருஷம்தான் ஆகுது. அதுக்கு முந்தின ஸோம்பி யாரையும் கடிச்சதில்ல. அது தோட்டத்துல வேலை செஞ்சுச்சு.

அந்தக் கதை பொறந்த இடம் கரீபியன் தீவுல இருக்குற ஹெய்ட்டி. 1697ல இருந்து அது பிரெஞ்சுக்காரங்க கையில இருந்துச்சு. அப்ப அதுக்குப் பேர் சான் டொமிங். கரும்பும் கோப்பியும்தான் பயிர். 1789 வாக்குல அங்க சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தாங்க. அதுல பெரும்பான்மை ஆப்பிரிக்காவுல பொறந்து கப்பல்ல கட்டிக் கொண்டுவரப்பட்டவங்க. கரும்பு வெட்டி, ஆலையில அரைச்சு, சாறு காய்ச்சியே கொஞ்ச வருஷத்துல செத்துப்போவாங்க. அந்த இடத்துக்கு அடுத்த கப்பல்ல ஆள் வரும்.

அவங்களுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்துச்சு. செத்தா ஆத்மா கடலுக்கு அந்தப் பக்கம், கினேன்னு அவங்க சொன்ன தாய்மண்ணுக்குத் திரும்பிப் போயிடும்னு நம்பினாங்க. தோட்டத்துல இருந்து ஒரே விடுதலை சாவுதான். இப்ப ஸோம்பி என்னன்னு யோசிச்சுப் பாருங்க. செத்த பிறகும் போக முடியாதவன். குழியில இருந்து எடுத்துட்டு வந்து திரும்பவும் கரும்புக் காட்டுல நிறுத்தப்பட்டவன். அந்த மனுஷங்க கற்பனை பண்ண முடிஞ்ச மிகப்பெரிய பயம் அதுதான். ஸோம்பி வந்து கடிச்சிடுமோன்னு யாரும் பயப்படல. நாம ஸோம்பி ஆயிடுவோமோன்னுதான் பயந்தாங்க.

நடந்துக்கிற விதம் கேட்டீங்க. ஹெய்ட்டிக்காரங்க சொல்றபடி, பொக்கோர்ங்கிற மந்திரவாதிதான் பிணத்தை எழுப்புவான். குழி மேட்டுல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுவான். பிணம் பதில் சொன்னா அவன் கைக்குள்ள போயிடும். அதனால சில வீடுகள்ல செத்தவங்க வாயைத் தைச்சுப் புதைப்பாங்களாம், கூப்பிட்டாலும் பதில் வரக்கூடாதுன்னு. எழும்பின ஸோம்பி தலையைக் குனிஞ்சே நடக்கும், மூக்கால பேசும், சொன்ன வேலையை மட்டும் செய்யும், கூலி கேக்காது. அதுக்குச் சாப்பாடு குடுப்பாங்க, ஆனா உப்பில்லாம. உப்பு நாக்குல பட்டா தான் செத்தவன்ங்கிற ஞாபகம் வந்துடும். அப்புறம் யார் தடுத்தாலும் நிக்காது. நேரா தன் குழிக்கே நடந்து போயிடும்.

1791ல அந்த அடிமைகள் கிளர்ந்து எந்திரிச்சு, 1804ல சுதந்திர நாடே அமைச்சுட்டாங்க. ஆனா 1915ல இருந்து 1934 வரைக்கும் அமெரிக்கப் படை ஹெய்ட்டியைப் புடிச்சு வச்சிருந்துச்சு. கிராமத்து ஆளுங்களைக் கட்டாயப்படுத்தி ரோடு போட வச்சாங்க. அந்தக் காலத்துலதான் 1929ல ஒரு அமெரிக்கர் எழுதின பயணப் புத்தகம் மூலமா ஸோம்பி வெளியுலகத்துக்குத் தெரிய வந்துச்சு. 1932ல முதல் படம். அந்தப் படத்துலயும் ஸோம்பிகள் சீனி ஆலையில உருளையைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்.

நம்ம மலைக்கும் அந்தத் தீவுக் கூட்டத்துக்கும் ஒரு கயிறு இருக்கு. 1834ல பிரித்தானியா தன்னோட கரீபியன் தீவுகள்ல அடிமை முறையை நிறுத்தின பிறகு, அங்க கோப்பி விழுந்து, இலங்கைக் கோப்பி எந்திரிச்சுச்சு. ஜமெய்க்காவுல தொழில் பழகின டைட்லர்ங்கிற துரைதான் 1837ல இங்க வந்து அந்தத் தீவுத் தோட்ட முறையை நம்ம மலையில பரப்பினாரு. தோட்டம்ங்கிற அமைப்பு அங்க இருந்துதான் இங்க ஏறி வந்துச்சு.

கூத்து டீச்சர்

மூணு தடவை வாசிச்சேன். "உருளையைச் சுத்திக்கிட்டு"ன்னு நீங்க எழுதினதும் எனக்கு ஸ்டோர்ல, அதான் தேயிலை ஆலையில, கொழுந்து அரைக்கிற ரோதைதான் கண்ணுக்கு வந்துச்சு. ரொம்ப நன்றி. தமிழ்ல சோம்பின்னா சோம்பல் புடிச்சவன்னு அர்த்தம். ஓய்வே குடுக்கப்படாத ஒருத்தனுக்கு அந்தச் சத்தம் வந்து அமைஞ்சிருக்குறது மனசை என்னமோ பண்ணுது.

பெரட்டுக்களம்

பிள்ளைகளா, நான் மஸ்கெலியாப் பக்கம் நாப்பது வருஷம் தோட்டத்துல வேலை செஞ்சு ஓய்வு எடுத்தவன். பேர் சொல்லிக் கூப்பிடுறதுன்னு அந்தத் தம்பி எழுதினதைப் படிச்சதும் ஒடம்பு சிலுத்துப் போச்சு.

எங்க தாத்தா காலத்துல விடிகாலையில தப்பு மேளம் அடிப்பாங்க. இருட்டோட, ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக்களத்துல போய் நிக்கணும். கங்காணி பேர் பேரா கூப்பிடுவாரு. தோட்டத்துல "பேர்"ங்கிறதுக்கு ரெண்டு அர்த்தம், வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். அப்பா அம்மா வச்ச பேரும் பேர்தான், அன்னன்னைக்கு விழுற கூலியும் பேர்தான். முழு நாள் வேலை செஞ்சா ஒரு பேர். கொழுந்து குறைஞ்சா அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?"ன்னுதான் வீட்டுல கேப்பாங்க.

எங்க லயத்துல, அதான் வரிசை வீட்டுல, ஒரு கதை உண்டு. பனி கட்டின விடிகாலையில களத்துப் பக்கம் இருந்து யாரோ பேர் கூப்பிடுற சத்தம் கேக்கும். செத்துப்போன பெரிய கங்காணி இன்னும் ஆள் கூப்பிடுறாருன்னு சொல்லுவாங்க. "வந்தேங்க"ன்னு பதில் சொன்னவனுக்குக் காய்ச்சல் வரும். அதனால எங்க ஆயா கண்டிச்சுச் சொல்லும்: இருட்டுல யாரு கூப்பிட்டாலும் மூணாவது தரத்துக்குத்தான் வாயைத் தொறக்கணும், பேய் ஒரு தரத்துக்கு மேல கூப்பிடாதுன்னு. அங்க வாயைத் தைச்சாங்க, இங்க வாயை மூடச் சொன்னாங்க. ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற ஜனத்துக்கும் நமக்கும் ஒரே பயம் எப்படி வந்துச்சு?

இன்னொண்ணும் சொல்லிடுறேன். துண்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. கங்காணிகிட்ட எவ்வளவு கடன்னு எழுதின கடுதாசி. அது இல்லாம இன்னொரு தோட்டத்துல சேர முடியாது. 1921லதான் அதை ஒழிச்சாங்க. அப்பன் செத்தா கடன் மகன் தலையில ஏறும்னு எங்க தாத்தா சொல்லுவாரு. செத்தாலும் தீராத கணக்கு.

கொழும்பு 13

மன்னிக்கணும், எனக்கு இந்தப் பேச்சு புடிக்கல. எங்க அம்மா இன்னும் தலவாக்கலையில கொழுந்து எடுக்குறாங்க. நான் இங்க கடையில நிக்குறேன். தோட்டத்துப் பையன்னு தெரிஞ்சா இங்க எப்படிப் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க மேடையில நம்ம ஜனத்தை உணர்ச்சி இல்லாத பிணமா காட்டினா, பார்க்குறவன் அதையே நெசம்னு எடுத்துட்டுப் போவான். நாம அடிமையும் இல்ல, ஸோம்பியும் இல்ல. போராடித்தான் கூலி, வாக்கு, குடியுரிமை எல்லாம் வாங்கினோம். 1948ல பறிச்சதைத் திரும்ப வாங்க எத்தனை வருஷம் ஆச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. பிணம் எங்கயாவது வேலைநிறுத்தம் பண்ணுமா?

பழைய கணக்கு

தம்பி சொல்றது முழுக்க நியாயம். சட்டப்படி நம்ம ஆளுங்க அடிமைகள் இல்ல. கடனாலயும் துண்டாலயும் கட்டப்பட்ட கூலிகள். அந்த வித்தியாசத்தை அழிக்கக் கூடாது. ஆனா ஹெய்ட்டிக்காரங்களும் தங்களை ஸோம்பின்னு சொல்லிக்கல. உலகத்துலயே அடிமைகள் கிளர்ந்து ஒரு நாட்டை அமைச்சது அங்கதான். ஸோம்பி அவங்களோட படம் கிடையாது. முதலாளிக்கு எப்படிப்பட்ட ஆள் வேணுமோ, அந்த ஆளோட படம். சாப்பாடு கொஞ்சம் போதும், கேள்வி கேக்காது, சாகவும் சாகாது.

கொழுந்துக்கூடை

நான் இன்னைக்கும் மலைக்குப் போறவ. கொழும்புத் தம்பி, ஒங்க கோபம் எனக்கும் வந்துச்சு, ஆனா டீச்சர் கேட்டது தப்பில்ல.

மலையில நாங்க எப்படி இருப்போம்னு மேடையில காட்டணும்னா வந்து பாருங்க. கொழுந்து எடுக்க நிரை புடிச்சதுல இருந்து வாய் மூடாது. யாரு வீட்டுல கல்யாணம், யாரு மகன் கட்டார் போறான், மேற்பார்க்குற எந்தக் கண்டாக்கு ஐயா கூடை நிறுவையில எத்தனை கிலோ வெட்டினாரு, எல்லாம் அங்கதான் பேசுவோம். ரெண்டு எலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுற கை அது. முத்தின எலையைத் தொட்டதுமே வெரலுக்குத் தெரியும். பிணத்தோட கைக்கு அது தெரியுமா? ஆனா அந்தியில நிறுவை முடிஞ்சு ஏத்தத்துல ஏறும்போது பேச்சு நின்னுடும். அந்த அரைமணி நேரம் நான் யாருன்னே எனக்குத் தெரியாது. அந்த அம்மா பார்த்தது அந்த அரைமணி நேரத்தைத்தான். அதையும் காட்டுங்க, பொய் இல்ல. ஆனா அதை மட்டும் காட்டாதீங்க.

வெலிமடை வீதி

டீச்சரோட மூணாவது கேள்விக்கு, எங்க பக்கத்துச் சிங்களச் சனங்க சொல்றதைச் சேர்த்துக்குங்க. நான் அவங்களோடயே வளர்ந்தவன். மகாசோனான்னு ஒண்ணு சொல்லுவாங்க. சுடுகாட்டுக்கும் முச்சந்திக்கும் அதிபதி. ராட்சச உடம்பு, கரடித் தலை. ஜயசேனன்ங்கிற பலசாலியை, துட்டகைமுனு ராஜாவோட வீரன் கோட்டயிம்பரன் தலை தெறிக்க அடிச்சான்; அவசரத்துல அந்தக் கழுத்துல கரடித் தலையை ஒட்ட வச்சுட்டாங்கன்னு கதை. ராத்திரி அது முதுகுல அடிச்சா கைத்தடம் பதியும்னு பயப்படுவாங்க.

ஸோம்பிக்கு இன்னும் கிட்ட வர்றது பில்லி. நாம பில்லி சூனியம்னு ஒரே மூச்சுல சொல்லிடுறோம். என் கூட்டாளியோட ஆச்சி சொன்னபடி, பில்லின்னா செத்த உடம்புக்கு மந்திரத்தால உயிர் ஊட்டி எதிரி வீட்டுக்கு ஏவுறது. அங்க ஆள் தப்பிச்சுட்டா திரும்பி வந்து ஏவினவனையே புடிக்கும்னும் அந்த ஆச்சி சொல்லுவாங்க. அதுக்கும் சொந்த புத்தி இல்ல, இன்னொருத்தன் ஏவல்தான். ஆனா அது பழி வாங்கப் போகும், வேலைக்குப் போகாது. அந்தக் கதைகள் நெல்லு விளையிற கிராமத்துல பொறந்தது, தோட்டத்துல இல்ல. அதனாலதான் இந்த வித்தியாசம்னு எனக்குத் தோணுது.

பொகவந்தலாவை மழை

அப்படின்னா நம்ம வேதாளமும் ஸோம்பிதானே? பிணத்துக்குள்ள புகுந்து முருங்கை மரத்துல தலைகீழா தொங்குது. திருமூலர் செத்த மாட்டுக்காரனோட உடம்புல புகுந்ததையும் சேர்த்துக்கலாமே?

சிவனடி நிழல்

தம்பி, கோவிச்சுக்காதீங்க, அந்த ரெண்டையும் ஒரே கூடையில போடாதீங்க.

வேதாளம் பிணத்துல குடியிருக்குது, சரி. ஆனா அது விக்கிரமாதித்தனையே கேள்வி கேட்டு மடக்குது. புத்தி கூர்மையில அதை மிஞ்ச ஆள் இல்ல. புத்தி போன பிணத்துக்கு அது எப்படி உறவாகும்?

திருமூலர் கதையை நான் சின்ன வயசுல கோயில் பிரசங்கத்துல கேட்டு அழுதிருக்கேன். சாத்தனூர்ல மூலன்ங்கிற இடையன் பாம்பு கடிச்சுச் செத்துக் கிடக்குறான். பசுக்கள் அவனைச் சுத்திச் சுத்தி வந்து கதறுது. அந்த மாடுகளோட துயரம் பொறுக்காம அந்த யோகி தன் உடம்பை ஒரு இடத்துல பத்திரப்படுத்திட்டு மூலன் உடம்புல புகுந்தாரு. மாடுகளை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போய் விட்டாரு. மூலனோட பொண்சாதி கையைப் புடிக்க வந்தப்ப, உனக்கும் எனக்கும் உறவில்லன்னு விலகி நின்னாரு. செத்த உடம்பு எந்திரிச்சு நடந்ததுதான். ஆனா யாரும் ஏவல. இரக்கத்தால, தன் இஷ்டத்தால எந்திரிச்சுது. அந்த உடம்புல இருந்துதான் திருமந்திரமே வந்துச்சு. பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லுங்க டீச்சர், ஆனா ஸோம்பிங்கிற பேர்ல சொல்லாதீங்க.

பொகவந்தலாவை மழை

சரிங்க ஐயா, புரியுது. கதை முழுசா எனக்குத் தெரியாது. வீட்டுக்காரியை விட்டு விலகி நின்ன பகுதி இப்பத்தான் கேக்குறேன். மன்னிச்சுக்குங்க.

பதுளைத் தாதி

மருத்துவப் பக்கம் யாரும் தொடல, அதனால எழுதுறேன். ஹெய்ட்டியில நெசமாவே ஆளுங்களை ஸோம்பி ஆக்கினாங்களான்னு ஒரு பெரிய ஆராய்ச்சியே நடந்துச்சு. கிளெர்வியஸ் நார்சிஸ்ங்கிறவர் 1962ல அங்க ஒரு ஆஸ்பத்திரியில செத்ததா டொக்டர்மார் பதிஞ்சாங்க, புதைச்சாங்க. 1980ல அவர்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் சந்தையில சொந்தத் தங்கச்சி முன்னால வந்து நின்னாரு. தன்னைக் குழியில இருந்து எடுத்துத் தோட்டத்துல அடிமையா வேலை வாங்கினாங்கன்னு சொன்னாரு. வேட் டேவிஸ்ங்கிற ஆய்வாளர் போய்ப் பார்த்து, பேத்தை மீன்ல இருக்குற விஷம்தான் உடம்பை மரத்துப்போக வச்சுச் செத்தவன் மாதிரி ஆக்குது, பிறகு ஊமத்தைக் குடும்பத்துச் செடியைக் குடுத்துப் புத்தி மயங்க வைக்குறாங்கன்னு எழுதினாரு. ஆனா அந்தப் பொடியில விஷம் போதுமான அளவு இல்லன்னு மத்த விஞ்ஞானிகள் மறுத்தாங்க.

எனக்கு மனசுல நிக்குறது 1997ல லான்செட் மருத்துவச் சஞ்சிகையில வந்த கட்டுரை. ஸோம்பின்னு சொல்லப்பட்ட மூணு பேரைப் பரிசோதிச்சாங்க. ஒருத்தருக்கு மனச்சிதைவு, இன்னொருத்தருக்கு மூளைப் பாதிப்பும் வலிப்பும், மூணாவது ஆளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைவு. மரபணு பார்த்தா ரெண்டு பேர் அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்களே இல்ல. பிள்ளையை இழந்த வீட்டுல, தெருவுல அலைஞ்ச நோயாளியைத் தன் பிள்ளைன்னு கூட்டிட்டுப் போய் வச்சிருக்காங்க.

வார்ட்ல இப்படிப்பட்டவங்களைத் தெனம் பார்க்குறேன் டீச்சர். வெறிச்ச கண்ணு, மெதுவான நடை. மருந்தாலயும் அப்படி வரும். தயவு செஞ்சு பிள்ளைங்க அதைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி நாடகத்தை வைக்காதீங்க.

மன்னார்க்கரை

பேத்தை எண்டதும் வந்திட்டன். எங்கட பக்கம் அது வலையில பட்டா தூக்கி எறிஞ்சிடுவினம். வயிறு ஊதி பந்து மாதிரிக் கிடக்கும். சின்னப் பிள்ளையள் தொடக்கூடாது எண்டு ஏசுவினம்.

தென்னிந்தியாவில இருந்து தோட்டத்துக்கு வந்த உங்கட ஆக்கள் முதலில கால் வைச்சதும் எங்கட கரையிலதான். அங்க இருந்து காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை. கொலராவும் காய்ச்சலும் பசியுமா வழியிலேயே எத்தினையோ சனம் செத்துப் போச்சுது. அந்தப் பழைய பாதையில ராவில ஆக்கள் கூட்டமா நடந்து போற காலடிச் சத்தம் கேக்கும் எண்டு என்ர அப்பம்மா சொல்லுவா. தெற்குப் பக்கமா போகாதாம். திரும்பிக் கடலுக்குத்தான் போகுமாம். அந்தத் தம்பி கினே எண்டு எழுதினதைப் படிக்கேக்க அப்பம்மாட கதை ஞாபகம் வந்திட்டுது.

கூத்து டீச்சர்

மன்னார்க்கரை, இதை நான் என் வாழ்நாள்ல கேட்டதில்ல. என் பூட்டனோட அம்மா அந்தப் பாதையில தங்கிட்டதா மட்டும் வீட்டுல சொல்லுவாங்க. "தங்கிட்டாங்க"ன்னுதான் சொல்லுவாங்க, செத்தாங்கன்னு சொல்ல மாட்டாங்க.

பெரட்டுக்களம்

டீச்சர், நம்மகிட்ட செத்தவனை எழுப்புற கூத்தே இருக்கே, அதை ஏன் யாரும் பேசல? காமன் கூத்து. மாசி மாசம் அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள் காமன் ஊன்றுவோம். ராத்திரி ராத்திரியா ரதியும் மதனும் ஆடுவாங்க. பௌர்ணமியில சிவன் நெத்திக்கண்ணால மன்மதன் எரிஞ்சு போவான். ரதி அழுற ஒப்பாரியைக் கேட்டா கல்லும் கரையும். நான் சின்ன வயசுல ரதி வேஷம் கட்டினவன். அழுதழுது எனக்கே நெசமா தொண்டை அடைச்சுக்கும். அப்புறம் மூணாம் நாள் அவனுக்கு உயிர் குடுப்பாங்க. ஆனா ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான்.

பொன்னர் சங்கர் கதையிலயும் அப்படித்தான். படுகளத்துல விழுந்து கெடக்குற அண்ணன்மாரை எழுப்புறது தங்கச்சி தங்கம். பிணம் மாதிரி விறைச்சுக் கெடக்குறவங்க மேல தீர்த்தம் தெளிப்பாங்க, ஒவ்வொருத்தரா எந்திரிப்பாங்க.

ரெண்டு கதையிலயும் யாரு எழுப்புறாங்கன்னு பாருங்க. ஒண்ணுல பொண்சாதி, இன்னொண்ணுல கூடப்பொறந்தவ. எந்தக் கூத்துலயும் கங்காணி வந்து பிணத்தை எழுப்பினதில்ல. சாமியிலயும் அப்படித்தான். ஸ்டோர் ரோதைக்கு ரோதமுனி இருக்காரு, தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்துக்குன்னு கவ்வாத்துச்சாமி இருக்காரு. அவங்க நம்மோட நிக்குறவங்க, வெட்டுக்காயம் படாம காக்குறவங்க. வேலை செய்ய மாட்டாங்க, படையல் வாங்குவாங்க.

கொழும்பு 13

தாத்தா, இது எனக்குப் புடிச்சிருக்கு. டீச்சர், இப்படி வச்சா என்னா? கங்காணி பேர் கூப்பிட்டு எழுப்புறான், எல்லாரும் ஸோம்பியா வர்றாங்க. கடைசியில ஒரு பொண்ணு வந்து வேற மாதிரி கூப்பிடுறா.

கொழுந்துக்கூடை

உப்பு குடுக்கச் சொல்லுங்க.

அந்த உப்புச் சமாச்சாரம் படிச்சதுல இருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். எங்க வீட்டுல செத்தவங்களுக்குப் படையல் வச்சா அந்தச் சோத்துலயும் பருப்புலயும் உப்பு போட மாட்டோம். சின்னதுல நான் ஏன்னு கேட்டதுக்கு எங்க அம்மாயி, "உப்புத் தின்னா அவுகளுக்கு இங்கயே இருக்கணும்னு ஆசை வந்துரும்"னு சொல்லிச்சு. அங்க உப்பு தின்னா குழிக்குப் போகுது, இங்க உப்பு தின்னா வீட்டுக்கு வருது. தலைகீழாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு ஊர்லயும் செத்தவனுக்கும் இருக்குறவனுக்கும் நடுவுல கோடு கிழிக்கிறது உப்புதான்.

இன்னொரு உப்பும் இருக்கு. மழைக்காலத்துல மலைக்குப் போறப்ப முந்தியில ஒரு முடிச்சு உப்பு கட்டிக்கிட்டுத்தான் போவோம், அட்டைக்கு. ரத்தம் குடிச்சுக்கிட்டு ஒட்டிக் கெடக்குற அட்டை மேல ஒரு கிள்ளு வச்சா சுருண்டு விழுந்துடும். எந்தப் பொம்பள முந்தியிலயும் அந்த முடிச்சு இருக்கும். மேடையில வேற ஒண்ணும் வேணாம், அந்த முடிச்சை அவுத்தா போதும். நம்ம சனத்துக்குப் புரியும்.

பழைய கணக்கு

அக்கா, இத்தனை வருஷம் புத்தகம் வாசிச்சும் எனக்கு இது தோணலயே.

கூத்து டீச்சர்

ஒரு கிழமை கழிச்சு எழுதுறேன். உங்க எல்லாருக்கும் ஒத்திகையைப் பத்திச் சொல்லணும்.

சிவப்புச் சாயத்தை எடுத்து வச்சுட்டோம். கடிக்கிறது இல்ல. முதல் காட்சி மலை: பேச்சும் சிரிப்பும் சண்டையுமா நிரை போகுது. அதைப் பத்துப் பிள்ளைங்க தங்க அம்மாமார்கிட்ட கேட்டு அவங்களே எழுதினாங்க. அடுத்து இருட்டு, தப்புச் சத்தம், பேர் கூப்பிடுற குரல். ஒவ்வொரு பேருக்கும் ஒரு உடம்பு எந்திரிக்குது. யாரையும் பார்த்துச் சிரிக்கிற மாதிரி வைக்கல, தாதியம்மா. கடைசியில ஒரு பொண்ணு முந்தி முடிச்சை அவுக்குறா. முதல்ல கேள்வி கேட்ட அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுசாப் பார்த்தாங்க. "அந்தப் பொண்ணு முடிச்சைப் பல்லால அவுக்கணும் டீச்சர், ரெண்டு கையிலயும் கொழுந்து இருக்கும்ல"ன்னு மட்டும் திருத்தினாங்க. திருத்திட்டோம்.

ஆனா ஒரு இடத்துல நிக்குது. உப்பு பட்டதும் எல்லாரும் தங்க தங்க குழிக்குப் போகணும்னு சொன்னேன். வரிசையில மூணாவதா நிக்குற பையன் கேட்டான்: "டீச்சர், எங்க பாட்டன் குழி எங்க இருக்குன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. மேல தேயிலை நட்டுட்டாங்கன்னு அப்பா சொன்னாரு. நான் மேடையில எந்தப் பக்கம் நடக்கட்டும்?"

எனக்குப் பதில் தெரியல. ஒத்திகையை அத்தோட நிறுத்திட்டேன்.

பெரட்டுக்களம்

அவன் கேட்டது சரிதான். எங்க தோட்டத்துலயும் பழைய குழி மேடு பூரா இப்ப தேயிலைதான். கல்லு இல்ல, பேர் இல்ல. ஆனா தூர் வெட்டுறப்ப எலும்பு வந்த எடம் எதுன்னு வயசானவங்களுக்குத் தெரியும். அங்க மட்டும் மம்பட்டியை மெதுவா வைப்போம். பக்கத்துல ஒரு மாடசாமிக் கல்லும் இருக்கும்.

பிள்ளைங்களை ஒரு நாள் அவங்கவங்க தோட்டத்துல அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். அங்க நின்னு பார்த்துட்டு அந்தப் பையனே தீர்மானிக்கட்டும், எந்தப் பக்கம் நடக்கணும்னு.

கொழுந்துக்கூடை

சனிக்கிழமை அரைநேர வேலைதான். ரெண்டு மணிக்கு மேல நான் வர்றேன், எங்க மேல்பிரிவுல எடம் எனக்குத் தெரியும். நீளக் காலுறை போட்டுட்டு வரச் சொல்லுங்க. மழை விட்டு ரெண்டு நாள்தான் ஆகுது, அட்டை இருக்கும். உப்பு நான் கட்டிக்கிட்டு வர்றேன்.